கல் பவளங்களுக்கான மைட்டோஜீனோம் சேவை: பன்னிரண்டு மாதிரிகள் அனுப்பிப் பார்த்தபின்

கல் பவளங்களின் பரிணாம உறவுகளை ஆராய்பவர்கள் மைட்டோகாண்ட்ரிய மரபணுத்தொகுதி (மைட்டோஜீனோம்) முழுவதையும் தாங்களே துண்டு துண்டாகப் பெருக்கி வரிசைப்படுத்திய காலம் ஏறத்தாழ முடிந்துவிட்டது. டி.என்.ஏவை அனுப்பினால் போதும். அதை வரிசைப்படுத்தி, துண்டுகளை ஒன்றுசேர்த்து, மரபணுக்களின் எல்லைகளைக் குறித்து, ஜென்பேங்க் என்னும் பொதுத் தரவகத்தில் பதிவதற்கு ஏற்ற கோப்பாகத் திருப்பித் தரும் தொகுப்புச் சேவைகள் இப்போது பல இருக்கின்றன. அவற்றுள் ஒன்றுக்கு எங்கள் குழு பன்னிரண்டு மாதிரிகளை அனுப்பியது. அந்த அனுபவத்தை, இதே வழியில் செல்ல நினைப்பவர்களுக்குப் பயன்படும் என்ற எண்ணத்தில் எழுதுகிறேன். நிறுவனத்தின் பெயரைக் குறிப்பிடவில்லை. நான் கண்ட குறைகள், விலங்குகள் அனைத்துக்கும் ஒரே நடைமுறையைக் கையாளும் எந்தச் சேவையிலும் வரக்கூடியவை.

மதிப்பெண்ணை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வரிசைப்படுத்தலுக்கு ஐந்துக்கு ஐந்து. துண்டுகளை ஒன்றுசேர்த்த வேலைக்கு நான்கு. மரபணுக்களைக் குறித்துத் தந்த வேலைக்கு இரண்டு. அவர்களின் விளம்பரக் குறிப்பேட்டில் இருந்த 'சிற்றின அடையாளம் காணல்' என்ற வாக்குறுதிக்கு, பவளங்களைப் பொறுத்தவரை, மதிப்பெண் தர இயலவில்லை. அதன் காரணத்தைப் பின்னால் விளக்குகிறேன்.

அனுப்பிய மாதிரிகளில் அக்ரோபோரா மூன்று, போரைட்டீஸ் இரண்டு, கோனியோபோரா ஒன்று, போசில்லோபோரா இரண்டு, ஃபவைட்டீஸ் இரண்டு, டிப்சாஸ்ட்ரியா ஒன்று, லோபோஃபில்லியா ஒன்று. இந்தத் தேர்வு தற்செயலானதன்று. 1996இல் சாண்ட்ரா ரோமானோவும் ஸ்டீபன் பாலும்பியும் மைட்டோகாண்ட்ரியாவின் 16எஸ் ரைபோசோம் மரபணுவின் ஒரு பகுதியை மட்டும் வைத்து, கல் பவளங்கள் இரண்டு பெருங்கிளைகளாகப் பிரிகின்றன என்று காட்டினார்கள். எலும்புக்கூடு இலேசாகவும் நுண்துளைகளோடும் அமைந்த கிளைக்குக் 'காம்ப்ளெக்ஸ்' என்றும், கெட்டியாகச் சுண்ணம் படிந்த கிளைக்கு 'ரோபஸ்ட்' என்றும் பெயர் நிலைத்துவிட்டது. மேலே சொன்னவற்றில் முதல் ஆறு மாதிரிகள் முதற்கிளை, பிந்தைய ஆறும் இரண்டாம் கிளை. பின்னர் கார்டினெரியிடே, மைக்ரபேசியிடே என்னும் இரு ஆழ்கடல் குடும்பங்கள், இவ்விரு கிளைகளும் பிரிவதற்கு முன்பே தனியே பிரிந்த பழைய கிளையைச் சேர்ந்தவை என்று தெரியவந்தது. அவற்றின் மாதிரி எங்களிடம் அப்போது இல்லை. இரு பெருங்கிளைகளிலும் விடை முன்னரே தெரிந்த பேரினங்களை அனுப்பினால், சேவை எங்கே தவறினாலும் கண்டுபிடித்துவிடலாம் என்பதே எங்கள் கணக்கு. அந்தக் கணக்கு பின்னால் எங்களைக் காப்பாற்றியது.

மாதிரி தயாரிப்பில் அவர்கள் காட்டிய கவனத்தைப் பாராட்ட வேண்டும். பவளத் திசுவிலிருந்து எடுக்கும் டி.என்.ஏ எளிதில் தூய்மையாவதில்லை. பாலிப்புகள் சுரக்கும் சளியில் உள்ள பல்சர்க்கரைகள் டி.என்.ஏவோடு சேர்ந்து வந்து, நொதிகள் வேலை செய்யவொட்டாமல் தடுக்கும். எங்கள் இரண்டு போரைட்டீஸ் மாதிரிகள் நானோடிராப் கருவியில் தாராளமான அளவைக் காட்டின. இரட்டை இழை டி.என்.ஏவை மட்டும் அளக்கும் க்யூபிட் கருவியில் அவர்கள் அளந்தபோது அதில் ஒரு சிறு பங்குதான் உண்மையான இரட்டை இழை டி.என்.ஏ என்று தெரிந்தது. வேறு சில இடங்களில் இதைக் கண்டுகொள்ளாமல் வேலையைத் தொடங்கிவிட்டு, தரவு குறைவாக வந்தால் மாதிரியின் மேல் பழியைப் போடுவார்கள். இவர்கள் ஜெல் படத்தோடு மடல் அனுப்பி, மறுபடி பிரித்தெடுத்து அனுப்ப முடியுமா என்று கேட்டார்கள். நாங்கள் பல்சர்க்கரைகளை நீக்க உதவும் சி.டி.ஏ.பி முறையில் மீண்டும் பிரித்து அனுப்பினோம். கல் பவளங்கள், அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சிட்ஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் உள்ளவை என்பதால், மாதிரி எல்லை கடந்து செல்லும்போது தேவைப்படும் ஆவணங்கள் எவை என்பதையும் அவர்களே முன்கூட்டி எழுதிக் கேட்டிருந்தார்கள். பவளத்தோடு பழகியவர் யாரோ ஒருவர் அந்த மேசையில் இருக்கிறார் என்ற நம்பிக்கை அப்போது வந்தது.

வரிசைப்படுத்தும் முறை எளிமையானது. மைட்டோகாண்ட்ரியாவைத் தனியே பிரிப்பதில்லை, மொத்த டி.என்.ஏவையும் குறைந்த ஆழத்தில், அதாவது ஒவ்வோர் இடமும் சில முறையே படிக்கப்படும்படி, வரிசைப்படுத்துகிறார்கள். ஒவ்வொரு செல்லிலும் மைட்டோகாண்ட்ரிய டி.என்.ஏவின் படிகள் ஏராளமாக இருப்பதால், உட்கரு மரபணுத்தொகுதிக்கு ஆழம் போதாத இடத்திலும் மைட்டோகாண்ட்ரியத்துக்குத் தாராளமாகக் கிடைத்துவிடும். பவளத்தில் இதற்கு ஒரு சிக்கல் உண்டு. திசுவுக்குள் வாழும் சூசாந்தெல்லே பாசிகளின் டி.என்.ஏவும் அதே குழாயில்தான் இருக்கிறது. பவளத்தின் உட்கரு மரபணுத்தொகுதியைவிடப் பாசியினுடையது பன்மடங்கு பெரியது. ஆகவே வரும் ரீடுகளில், அதாவது கருவி படித்துத் தரும் துண்டு வரிசைகளில், கணிசமான பங்கு பாசிக்குப் போய்விடுகிறது. நல்வாய்ப்பாக, டைனோஃபிளாஜெல்லேட் வகையைச் சேர்ந்த அந்தப் பாசிகளின் மைட்டோகாண்ட்ரிய மரபணுத்தொகுதி சிதறுண்டது. புரதம் உருவாக்கும் மரபணுக்கள் அதில் காக்ஸ்1, காக்ஸ்3, காப் ஆகிய மூன்றே. வளைய வடிவில் முழுமையாக இருக்கும் பவளத்தின் மைட்டோஜீனோமோடு அது குழம்பிப்போகும் வாய்ப்பு குறைவு. எங்கள் பன்னிரண்டு மாதிரிகளிலும் பவளத்தின் மைட்டோஜீனோம் ஒரே துண்டாக, நல்ல ஆழத்தோடு கிடைத்தது. இந்தப் பகுதியில் ஒரு குறையும் சொல்வதற்கில்லை.

ஒன்றுசேர்க்கும் வேலையை நோவோபிளாஸ்டி, கெட்ஆர்கனெல் ஆகிய இரண்டு மென்பொருள்களிலும் தனித்தனியே ஓட்டி, இரண்டும் ஒத்துப்போனால் மட்டுமே முடிவாக ஏற்பது அவர்கள் வழக்கம். நல்ல வழக்கம். வளையம் உண்மையிலேயே மூடுகிறதா என்பதற்கு, இரு முனைகளும் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தும் பகுதியைத் தனிக் கோப்பாகத் தந்தார்கள். நான்கு மதிப்பெண்ணோடு நின்றதற்குக் காரணம் அக்ரோபோரா. 2002இல் மேடலின் வான் ஓப்பன் குழுவினர் அக்ரோபோரா டெனுயிஸின் முழு மைட்டோஜீனோமை, 18,338 கார இணைகளை (டி.என்.ஏவின் எழுத்து இணைகளை), வெளியிட்டபோதே, சிறு ரைபோசோம் மரபணுவுக்கும் காக்ஸ்3க்கும் இடையிலுள்ள பகுதியில் திரும்பத் திரும்ப வரும் வரிசைகள் (மீள்வரிசைகள்) இருப்பதைச் சொல்லியிருந்தார்கள். அந்தப் பகுதிதான் கட்டுப்பாட்டுப் பகுதியாக இருக்கக்கூடும் என்பதும் அவர்கள் கருத்து. குட்டை ரீடுகளை வைத்து ஒன்றுசேர்க்கும்போது, ரீடின் நீளத்தைவிடப் பெரிய மீள்வரிசை இரண்டு இருந்தால் மென்பொருள் அவற்றை ஒன்றாகவே மடித்துவிடும். எங்கள் அக்ரோபோரா மாதிரிகளில் ஒன்றில் இது நடந்திருந்தது. இதை நான் கண்டது வரிசையைப் பார்த்தன்று, ஆழக் கோப்பைப் பார்த்து: மற்ற இடங்களிலெல்லாம் சமதளமாக ஓடிய வரைகோடு, அந்த ஓரிடத்தில் மட்டும் சரியாக இருமடங்கு உயர்ந்து, சில நூறு காரங்களுக்குப் பிறகு மீண்டும் இறங்கியது. முடிவான வரிசை மட்டுமே உள்ள பாஸ்டா கோப்பை மட்டும் வாங்கியிருந்தால் இதை ஒருபோதும் கண்டிருக்க மாட்டோம். எழுதிக் கேட்டதும், அந்த ஒரு மாதிரியை நீள ரீடு முறையில் கூடுதல் கட்டணமின்றி மறுபடி ஓட்டித் தந்தார்கள்.

இனி இரண்டு மதிப்பெண் விவகாரத்துக்கு வருகிறேன். சேவையின் மிகப் பலவீனமான பகுதி இதுதான் என்பதால் சற்று விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது.

கல் பவளத்தின் மைட்டோஜீனோம், நமக்குப் பழக்கமான முதுகெலும்பிகளின் மைட்டோஜீனோமைப் போன்றதன்று. புரதம் உருவாக்கும் மரபணுக்கள் வழக்கமான 13. ரைபோசோம் மரபணுக்கள் வழக்கமான இரண்டு. ஆனால் முதுகெலும்பிகளில் 22 இருக்கும் கடத்து ஆர்.என்.ஏ மரபணுக்கள் பவளங்களில் பொதுவாக இரண்டே இரண்டு, மெத்தியோனினுக்கும் டிரிப்டோஃபேனுக்கும். எல்லா மரபணுக்களும் ஒரே இழையில், ஒரே திசையில் அமைந்திருக்கின்றன. இவற்றுக்கெல்லாம் மேலாக, நாட்5 மரபணு, புரதத்துக்கான செய்தியைத் தாங்கும் இரண்டு துண்டுகளாக, அதாவது எக்சான்களாகப் பிளந்து கிடக்கிறது. இடையில் இருந்து, பின்னர் வெட்டி நீக்கப்படும் பகுதியான இன்ட்ரான் சாதாரணமானதன்று. அக்ரோபோரா டெனுயிஸில் அது ஏறத்தாழ 11,500 காரங்கள் நீளமுடையது; புரதம் உருவாக்கும் பத்து மரபணுக்களும் சிறு ரைபோசோம் மரபணுவும் அதற்குள்ளேயே அடங்கியிருக்கின்றன. வளையத்தில் பாதிக்கும் மேற்பட்ட பகுதி ஒரே மரபணுவின் இரு துண்டுகளுக்கிடையே கிடக்கிறது என்று எண்ணிப் பார்த்தால், இதை முதன்முதலில் கண்டவர்கள் ஏன் ஆர்.என்.ஏவை எடுத்து, வெட்டி ஒட்டப்பட்ட செய்தி உண்மையிலேயே உருவாகிறதா என்று சோதித்தார்கள் என்பது புரியும். உருவாகிறது, அந்த மரபணு வேலை செய்கிறது.

சேவையின் தானியங்கி முறைக்கு இது தெரிந்திருக்கவில்லை. பன்னிரண்டு கோப்புகளில் ஏழில் நாட்5இன் பின் எக்சான் மட்டுமே முழு மரபணுவாகக் குறிக்கப்பட்டிருந்தது. முன் எக்சான் 'மரபணு அற்ற இடைவெளி' என்று விடப்பட்டிருந்தது. மீதி ஐந்தில் இரு துண்டுகளும் நாட்5இன் இரண்டு தனிப் படிகள் என்று எண்ணிடப்பட்டிருந்தன. 22 கடத்து ஆர்.என்.ஏக்களைத் தேடிய மென்பொருள், இல்லாதவற்றைக் கண்டுபிடிக்கும் முனைப்பில், புரத மரபணுக்களின் நடுவே மூன்று போலி மரபணுக்களையும் குறித்து வைத்திருந்தது. இவையெல்லாம் கண்ணுக்குத் தெரியும் தவறுகள். பவளத்தின் மைட்டோஜீனோமை ஒரு முறை பார்த்தவர் எவரும் ஒரு பிற்பகலில் திருத்திவிடலாம். நெருங்கிய உறவுடைய இனத்தின் கோப்பை மேற்கோளாகக் கொடுத்து இயக்கும் மைட்டோஃபைண்டர் போன்ற மென்பொருளைப் பயன்படுத்தியிருந்தால், இவற்றில் பெரும்பகுதி வந்தே இருக்காது.

கண்ணுக்குத் தெரியாத தவறு வேறொன்று. மூன்று எழுத்துக் கோடான்களை அமினோ அமிலங்களாக மொழிபெயர்க்கும் மரபுக்குறியீடு எல்லா உயிர்களுக்கும் ஒன்றே என்று பள்ளியில் படித்தாலும், மைட்டோகாண்ட்ரியாக்களில் அது கிளைக்குக் கிளை மாறுகிறது. பொதுத் தரவகங்கள் இவற்றுக்கு எண் கொடுத்து அட்டவணைகளாக வைத்திருக்கின்றன. முதுகெலும்பிகளுக்கு அட்டவணை 2. பூச்சிகள் முதலான பெரும்பாலான முதுகெலும்பில்லாதவற்றுக்கு அட்டவணை 5. பவளங்கள் முதுகெலும்பில்லாதவைதாம், ஆனால் அவற்றுக்கு உரியது அட்டவணை 4. சேவையின் நடைமுறை, முதுகெலும்பில்லாத விலங்கு என்று படிவத்தில் கண்டவுடன் அட்டவணை 5ஐ எடுத்துக்கொண்டது.

பொதுக் குறியீடான அட்டவணை 1ஐயோ, முதுகெலும்பிகளுக்கான அட்டவணை 2ஐயோ தவறாக எடுத்திருந்தால் உடனே தெரிந்திருக்கும். அட்டவணை 1ஐ எடுத்திருந்தால், டிரிப்டோஃபேனாகப் படிக்க வேண்டிய டிஜிஏ எல்லாம் நிறுத்தக் கோடானாகி, மரபணுக்கள் நடுவிலேயே முறிந்திருக்கும். அட்டவணை 2 என்றால் ஏஜிஏ, ஏஜிஜி இரண்டும் நிறுத்தக் கோடானாகி, அதேபோல் முறிந்திருக்கும். அட்டவணை 5இலோ டிஜிஏ டிரிப்டோஃபேனாகவே படிக்கப்படுகிறது. நிறுத்தக் கோடான்களும் அட்டவணை 4இல் உள்ளவையே. எந்த மரபணுவும் முறியாது, எந்த மென்பொருளும் எச்சரிக்காது. மாறுவது இரண்டு இடங்கள்தாம்: ஏஜிஏவும் ஏஜிஜியும் ஆர்ஜினினுக்குப் பதிலாகச் செரினாகிவிடும், ஏடிஏ ஐசோலியூசினுக்குப் பதிலாக மெத்தியோனினாகிவிடும். பவளத்தின் மைட்டோகாண்ட்ரிய டி.என்.ஏவில் அடினினும் தைமினும் மிகுதி என்பதால், ஏடிஏ என்ற கோடான் எங்கும் இறைந்து கிடக்கிறது.

சேவையினர் தந்த புரத வரிசைகளை ஜென்பேங்கில் உள்ள பிற பவளங்களின் புரத வரிசைகளோடு சேர்த்து உறவு மரம் வரைந்தபோது, எங்கள் பன்னிரண்டு மாதிரிகளும் ஒரே கிளையில் கூடி நின்றன. போரைட்டீஸுக்குப் பக்கத்தில் லோபோஃபில்லியா. காம்ப்ளெக்ஸ் கிளையில் ஒன்று, ரோபஸ்ட் கிளையில் மற்றொன்று. ஒன்றோடொன்று சேரவே கூடாதவை. அந்தக் கிளைக்கு முழு ஆதரவு மதிப்பெண் வேறு. ஏதோ மாதிரிகள் கலந்துவிட்டன என்றுதான் முதலில் அஞ்சினேன். பிறகு காப் மரபணுவின் வரிசைகளை ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கி, இடமிருந்து வலமாக விரலை வைத்துக்கொண்டே போனேன். ஓரிடத்தில் தரவகத்துப் பவளங்கள் அனைத்திலும் ஆர்ஜினின், எங்கள் பன்னிரண்டிலும் செரின். டி.என்.ஏ வரிசைக்குத் திரும்பிப் பார்த்தால் இரு தரப்பிலும் அதே ஏஜிஏ. அதைத் தாண்டிச் சில இடங்கள் தள்ளி, அங்கெல்லாம் ஐசோலியூசின், இங்கெல்லாம் மெத்தியோனின். கீழே இரு தரப்பிலும் அதே ஏடிஏ. எங்கள் மாதிரிகளை ஒன்றுசேர்த்தது பரிணாமமன்று, அவை பகிர்ந்துகொண்ட ஒரே மொழிபெயர்ப்புப் பிழை. அட்டவணை 4இல் மறுபடி மொழிபெயர்த்ததும் பன்னிரண்டும் தத்தம் இடங்களுக்குப் போய்விட்டன. இரு கிளைகளிலிருந்தும் மாதிரி அனுப்பியிராமல், அக்ரோபோராக்களை மட்டும் அனுப்பியிருந்தால், அவை ஒன்றாகச் சேர்ந்ததை வியக்காமல் ஏற்றுக்கொண்டிருப்போம் என்ற எண்ணம் இன்றும் என்னை உறுத்துகிறது.

டி.என்.ஏ வரிசையை வைத்தே மரம் வரைந்தால் இந்தச் சிக்கல் வராதே என்று கேட்கலாம். வராதுதான். ஆனால் இந்தத் துறையில் புரத மரத்துக்கும் டி.என்.ஏ மரத்துக்கும் இடையிலுள்ள வேறுபாடே ஒரு பெரிய விவாதத்தின் மையமாக இருந்திருக்கிறது. 2006இல் மோனிகா மெடினா குழுவினர் மைட்டோஜீனோம்களின் புரத வரிசைகளை ஆராய்ந்து, எலும்புக்கூடு இல்லாத கோரல்லிமார்ஃபேரியா என்னும் கூட்டம் கல் பவளங்களுக்குள்ளிருந்தே தோன்றியது என்றும், கிரெட்டேசியக் காலத்தில் கடலில் கரியமில வாயு மிகுந்திருந்தபோது அவை எலும்புக்கூட்டை இழந்திருக்கலாம் என்றும் முன்வைத்தார்கள். அந்தக் 'கூடிழந்த பவளம்' கருதுகோள் சரியானால், கடல் அமிலமாகும் காலத்தில் பவளங்கள் கூடில்லாமலும் பிழைக்கக்கூடும் என்று பொருள். அதனால்தான் அது அத்தனை கவனம் பெற்றது. 2014இல் இதை மறுபரிசீலனை செய்தவர்கள், அதே மைட்டோகாண்ட்ரியத் தரவில் டி.என்.ஏ வரிசைகள் கல் பவளங்களை ஒரே மூலத்திலிருந்து வந்த கூட்டமாகவும், புரத வரிசைகள் அதற்கு மாறாகவும் காட்டுவதைக் கண்டு, ஒரே இடத்தில் மாற்றங்கள் மீண்டும் மீண்டும் நடந்து பழைய தடயம் மறைந்துபோனதும் காரங்களின் விகிதச் சாய்வும் இதற்குப் பின்னால் இருப்பதாக விளக்கினார்கள். 2016இல் உட்கரு மரபணுக்கள் பல நூறை ஒப்பிட்ட ஆய்வு, கோரல்லிமார்ஃபேரியாக்கள் கூடிழந்த பவளங்கள் அல்ல, தனிக் கூட்டம் என்ற முடிவுக்கு வந்தது. ஓர் அமினோ அமிலத்தின் இடமாற்றம் இத்தனை பெரிய கேள்வியின் தராசில் எடையாக நிற்கும் துறையில், அட்டவணை எண்ணைத் தவறவிடுவதைச் சிறு பிழை என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை.

சிற்றின அடையாளம் பற்றிய வாக்குறுதிக்கு மதிப்பெண் தராததன் காரணம் சேவையின் வேலைத்திறன் அன்று; பவளத்தின் இயல்பு. பெரும்பாலான விலங்குகளில் மைட்டோகாண்ட்ரிய டி.என்.ஏ வேகமாக மாறுவதால், காக்ஸ்1இன் ஒரு துண்டை வைத்தே சிற்றினங்களைப் பிரித்துவிடலாம். பவளங்களிலும் கடற்சாமந்திகளிலும் இது தலைகீழ். இவற்றின் மைட்டோகாண்ட்ரிய டி.என்.ஏ முதுகெலும்பிகளுடையதைவிடப் பல பத்து மடங்கு மெதுவாக மாறுகிறது. ஒரே பேரினத்தின் இரு சிற்றினங்கள் காக்ஸ்1இல் ஓர் எழுத்துக்கூட வேறுபடாமல் இருப்பது வழக்கமான காட்சி. எங்கள் மூன்று அக்ரோபோராக்களும் கிளையமைப்பிலும் குவளை வடிவிலும் தெளிவாக வேறுபட்டவை. மைட்டோஜீனோமில் அவற்றைப் பிரித்துக் காட்டிய வேறுபாடுகளை எண்ண இரு கை விரல்கள் மிகுதி, அவற்றுள்ளும் பெரும்பாலானவை அந்த மீள்வரிசைப் பகுதியிலேயே இருந்தன. விதிவிலக்காகச் சொல்லத்தக்கது போசில்லோபோரா. அதன் மைட்டோஜீனோமில் புரதம் உருவாக்கக்கூடியதாகத் தோன்றினாலும் பணி இன்னதென்று தெரியாத ஒரு பகுதி, அதாவது ஒரு திறந்த வாசிப்புச் சட்டகம் உண்டு. அது மற்றப் பகுதிகளைவிட வேகமாக மாறுவதால், உருவத்தை நம்பி ஏமாந்துபோகும் அந்தப் பேரினத்தில் சிற்றினங்களைப் பிரிக்க அது நன்றாகவே பயன்படுகிறது. எங்கள் இரு போசில்லோபோராக்களும் களத்தில் ஒரே பெயரோடு சேகரிக்கப்பட்டவை. அந்தச் சட்டகத்தில் அவை இரண்டு வெவ்வேறு மரபுவரிகள் என்று தெரிந்தது.

மெதுவாக மாறுவது மேல்மட்ட உறவுகளை ஆராயும்போது நன்மையாகிறது. கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் பிரிந்த குடும்பங்களின் உறவைக் காட்டும் அடையாளங்கள் இன்னும் முழுவதும் அழிந்துவிடவில்லை. ஹிரோனோபு ஃபுகாமியும் உடன் ஆய்வாளர்களும் 2004இல், அட்லாண்டிக் கடலிலும் பசிபிக் கடலிலும் ஒரே பெயரோடு வழங்கிய பவளங்கள் உண்மையில் நெருங்கிய உறவினர் அல்லர் என்று காட்டியதில், மைட்டோகாண்ட்ரிய மரபணுக்களுக்குப் பெரும் பங்கு உண்டு. 2008இல் அவர்களே, மரபாக ஏற்கப்பட்ட பவளக் குடும்பங்களில் பெரும்பாலானவை இயற்கையான கூட்டங்கள் அல்ல என்றும் கண்டார்கள். பழைய கையேடுகளில் ஃபேவியா என்று இருக்கும் பசிபிக் பவளங்கள் இன்று டிப்சாஸ்ட்ரியா ஆனதும், ஃபேவியா என்ற பெயர் அட்லாண்டிக் பவளங்களுக்கு மட்டும் நின்றதும் அந்த வழியில் வந்த மாற்றங்கள்தாம். எங்கள் டிப்சாஸ்ட்ரியா மாதிரியின் புட்டியில் பழைய பெயரே ஒட்டியிருந்தது. மரத்தில் அது ஃபவைட்டீஸுக்கு அருகில் போய் அமர்ந்ததைப் பார்த்தபோது மிகவும் மகிழ்ந்தேன்.

மரபணுக்களின் அடுக்கு வரிசையும் ஒரு சான்றுதான். முழு மைட்டோஜீனோம் வாங்குவதால் மட்டுமே கிடைக்கும் சான்று அது. கல் பவளங்களில் பெரும்பாலானவை ஒரே அடுக்கைக் காக்கின்றன. குளிர்நீர்ப் பவளத்திட்டுகளை எழுப்பும் லோபீலியா பெர்டுசாவில் அந்த அடுக்கு மாறியிருப்பதை 2011இல் கண்டார்கள். 2016இல், கூட்டமாக வளரும் லோபீலியாவும் தனித்து வளரும் டெஸ்மோபில்லமும் மரபணு அளவில் பிரிக்கத்தக்கவையல்ல என்று மைட்டோஜீனோம்களையும் உட்கருக் குறிப்பான்களையும் கொண்டு காட்டி, லோபீலியா என்ற பேரினத்தை டெஸ்மோபில்லத்தோடு இணைத்தார்கள். கூட்டமாக வளர்வதா தனித்து வளர்வதா என்பது, பேரினங்களைப் பிரிக்க வகைப்பாட்டாளர்கள் நெடுங்காலம் நம்பிய பண்பு.

இவ்வளவையும் சொன்ன பிறகு ஓர் எச்சரிக்கையையும் சொல்லியாக வேண்டும். 13 மரபணுக்கள் இருக்கின்றன என்பதால் 13 தனிச் சான்றுகள் கிடைத்துவிட்டதாக எண்ணக்கூடாது. மைட்டோஜீனோம் ஒரே மூலக்கூறு. தாய்வழியில் மொத்தமாகவே கடக்கிறது. ஆகவே அது சொல்வது ஒரே சாட்சியின் வாக்குமூலம். இனங்களுக்கிடையே கலப்பு நடந்திருந்தால் அந்தச் சாட்சி ஒரு பக்கத்தை மட்டுமே சொல்லும். 2023இல் ஆண்ட்ரியா குவாட்ரினி குழுவினர், உட்கருவின் இலக்குப் பகுதிகளைப் பிடித்து வரிசைப்படுத்தியபோது உடன் வந்த மைட்டோகாண்ட்ரிய ரீடுகளையும் ஒன்றுசேர்த்து, பவளங்களும் கடற்சாமந்திகளும் அடங்கிய ஆந்தோசோவா முழுவதிலும் இரு மரங்களும் பல இடங்களில் முரண்படுவதைக் காட்டினார்கள். நான் கவனித்தவரை, இந்தச் சேவையின் அறிக்கையில் இதுபற்றி ஒரு வரிகூட இல்லை. மரத்தின் படம் வண்ணத்தில் அழகாக இருந்தது. அது எதன் மரம் என்பது எழுதப்படவில்லை.

தரவு ஒப்படைப்பில் ஒரு குறை. மூல ரீடுகள் அடங்கிய பாஸ்ட்கியூ கோப்புகளை அடிப்படைத் தொகுப்பில் தருவதில்லை. தனியே கேட்க வேண்டும், கேட்டாலும் தரவிறக்க இணைப்பு சில வாரங்களில் காலாவதியாகிவிடும். எங்கள் குழுவில் ஒருவர் விடுப்பில் இருந்தபோது இணைப்பு காலாவதியாகி, மறுபடி திறக்கச் சொல்லி இருமுறை எழுத நேர்ந்தது. இந்தத் தொகுப்பில் மிக மதிப்புள்ள பொருள் அந்த மூல ரீடுகள்தாம். ஒன்றுசேர்த்த வளையத்தையும் மரபணுக் குறிப்புகளையும் நாமே நாளை வேறு மென்பொருளில் மீண்டும் செய்துகொள்ளலாம். அதே ரீடுகளிலிருந்து உட்கருவின் ரைபோசோம் மரபணுக்களைப் பிரித்தெடுக்கலாம், பவளத்தோடு வாழ்ந்த பாசி எந்தப் பேரினம் என்று பார்க்கலாம். பாஸ்டா கோப்பிலிருந்து இவற்றில் எதையும் செய்ய முடியாது. இதற்கு அனுப்புபவர்கள் செய்யக்கூடியது ஒன்று: மூல ரீடுகளையும் ஆழக் கோப்பையும் ஒப்பந்தத்திலேயே எழுதிக் கேளுங்கள். எலும்புக்கூட்டுத் துண்டை ஆவணச் சான்றாக எண்ணிட்டு வைத்துவிட்டு டி.என்.ஏவை அனுப்புங்கள்; வரிசை எவ்வளவு நன்றாக வந்தாலும், அது எந்தக் கூட்டிலிருந்து வந்தது என்று காட்ட முடியாவிட்டால் பின்னால் வருபவர் அதை நம்ப வழியில்லை.

குறைகளை எழுதி அனுப்பியபோது அவர்கள் நடந்துகொண்ட விதம் எனக்குப் பிடித்திருந்தது. காப் மரபணுவில் கண்ட அந்த இரண்டு இடங்களைப் படமாக இணைத்து, அட்டவணை எண்ணையும் குறிப்பிட்டிருந்தேன். மறுநாளே பதில் வந்தது. சாக்குப்போக்கு எதுவும் இல்லாமல், தவறு தங்களுடையது என்றும், இதே அட்டவணையில் முன்னர் சென்ற பவள, கடற்சாமந்திக் கோப்புகள் அனைத்தையும் எடுத்துப் பார்த்து உரியவர்களுக்குத் தெரிவிக்கப்போவதாகவும் எழுதியிருந்தார்கள். பத்து நாட்களில் பன்னிரண்டு கோப்புகளும் திருத்தப்பட்டு வந்தன. நாட்5இன் இரு எக்சான்களும் ஒரே மரபணுவாக இணைக்கப்பட்டிருந்தன. போலிக் கடத்து ஆர்.என்.ஏக்கள் நீக்கப்பட்டிருந்தன. ஒரு ஃபவைட்டீஸ் கோப்பில் மட்டும் முன் எக்சானின் எல்லை மூன்று காரங்கள் தள்ளியிருந்தது. அதை நாங்களே சரிசெய்துகொண்டோம்.

சென்ற வாரம் இரண்டாம் தொகுதியை அனுப்பினோம். இம்முறை ஆழ்கடல் மைக்ரபேசியிடே குடும்பத்தின் மாதிரிகள் இரண்டும் அவற்றில் உண்டு. அவர்களின் மாதிரிப் படிவத்தில், விலங்குக் கூட்டத்தின் பெயருக்குக் கீழே, மரபுக்குறியீட்டு அட்டவணையின் எண்ணை அனுப்புபவரே நிரப்ப வேண்டிய ஒரு புதிய கட்டம் சேர்க்கப்பட்டிருக்கிறது. நிரப்பாமல் விட்டால் படிவம் மேலே நகர்வதில்லை. ஒவ்வொரு மாதிரிக்கும் நேரே 4 என்று எழுதி அனுப்பினேன்.